தனித்தனிச் சக்கரம்

சாவியை மேசையில் வைத்தார் கீழக்கரை மீராசா.
"அறுபத்தேழு மாடல். விக்க மாட்டேன்.
ஆமினா முதுகுல ரெண்டு ஆணி இருக்கு,
மாசம் ஒருக்கா மதுரைக்குப் போகணும்.
வேற கார்னா குனிஞ்சு நுழையணும்,
இதுலதான் அவ நிமிந்தபடி உக்கார முடியுது.
பின்னால குதிக்காம பண்ணு, போதும்."

உச்சிப்புளிப் பட்டறையில்
அம்பாசடருக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்.
மேலே ஒரே இரும்பு, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை.
இடது சக்கரம் பள்ளத்தில் விழுந்தால்
வலதும் துக்கம் விசாரிக்கப் போகும்.
இரண்டுக்கும் நடுவே ஒருத்தி
ஆணி வைத்த முதுகோடு.

பிரித்துவிடலாம் என்றேன்.
அவரவர் பள்ளம் அவரவருக்கு.

புதுப்பேட்டையில் சந்தியாகு தேடிப் பிடித்தான்,
எங்கோ லாரியில் மோதிச் செத்த ஜெர்மன் காரின்
பின்பாதியை மட்டும்.
கருவாடு இறக்கிவிட்டுத் திரும்பிய வண்டியில் வந்து சேர்ந்தது.
டிஃபரன்ஷியலைக் கழுவிக் கழுவிப் பார்த்தோம்,
நெத்திலி வாசம் போகவில்லை.

அம்பாசடருக்குத் தனிச் சாஸி கிடையாது.
தோல்தான் எலும்பு.
அந்த எலும்பை உப்புக்காற்று
அறுபது வருசமாக ருசித்திருந்தது.
ஸ்க்ரூடிரைவரை சும்மா வைத்தேன்,
பொரித்த அப்பளத்தில் விரல் போவதுபோல் போயிற்று.

போன் போட்டுச் செலவைச் சொன்னேன்.
அந்தப் பக்கம் நெடுநேரம் கடல் சத்தம்.
அப்புறம் ஒரே சொல்:
"ஒட்டு."

ஒட்டினேன்.
நாலு மில்லிமீட்டர் தகடு, பழைய விசைப்படகின்
இழுவலைப் பலகையிலிருந்து அறுத்தது.
கண்ணாடி மாட்டியும் கண்ணுக்குள்
மூன்று நாள் மணல்.

பக்கத்துக்கு ஒன்றரை அங்குலம் அகலம் கூடியிருந்தது.
மட்கார்டை வெட்டலாம் என்றான் சந்தியாகு.
அந்த இடுப்பு வளைவில் கைவைக்க மனம் வரவில்லை.
சக்கரத் தட்டை உள்ளே தள்ளிப் புதிதாய் அடித்தோம்.
ஹேண்ட்பிரேக் கேபிள் எட்டவில்லை.
டாட்டா ஏஸின் கேபிள் பொருந்தியது.
எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

இறக்கி நிறுத்தி
இரண்டு உப்பு மூட்டையைப் பின்சீட்டில் ஏற்றினால்
காலைப் பரப்பி உட்கார்ந்தது வண்டி,
மண்டபத்து நண்டு மாதிரி.
சந்தியாகு சிரித்தான். நான் சிரிக்கவில்லை.
ஸ்பிரிங்கை மாற்றினோம், மறுபடி மாற்றினோம்.
ஐந்தாவது ஸ்பிரிங்கில் எழுந்து நின்றது.

பழைய கமான் பட்டைகளை
அரிவாள் அடிக்கிறவர் வந்து எடைபோட்டு வாங்கிப்போனார்.
பதினான்கு கிலோ.
யாருடைய வயலிலோ இனி குனியும்.

வெள்ளிக்கிழமை காலை.
பின்சீட்டில் சீனி ஆமினா, கண்ணை மூடி,
பழக்கத்தில் கைப்பிடியை இறுகப் பற்றி.
மீராசா ஓட்டினார், பக்கத்தில் நான்.
திருப்புல்லாணி வளைவில் எப்போதும் உதைக்கும் குழி.
இடது சக்கரம் மட்டும் இறங்கி ஏறியது,
வலது கண்டுகொள்ளவே இல்லை.

"கேட்டு எப்ப வரும்?"
"ரயில்வே கேட்டா? தாண்டியாச்சே."
"திருப்புல்லாணி?"
"அதுவும்தான்."

கைப்பிடியிலிருந்து ஒவ்வொரு விரலாக எடுத்தாள்.
"கண்ணை மூடிக்கிட்டே
எங்க இருக்கோம்னு தெரிஞ்சுக்கிட்டு வருவேன்.
எங்க வலிக்குதோ அது ஊரு.
இனி முழிச்சுப் பாத்துக்கிட்டு வரணும் போல."

அதில் குறையா நிறையா, தெரியவில்லை.
கண்ணாடியை இறக்கினாள்.
சீமைக்கருவேலம், உப்பேறிய தரவை,
நடுவே ஒற்றைப் பனை.
பார்த்துக்கொண்டே வந்தாள்.

மீராசா என் தொடையில் தட்டினார், பேசாமல்.
நான் தலையை மட்டும் ஆட்டினேன்.
அறுபதைத் தொடும்போதெல்லாம்
பின்னாலிருந்து மெல்லிய ஓர் ஊளை,
பல்சக்கரம் பல்சக்கரத்தை இன்னும் நம்பாத சத்தம்.
அவர்களுக்குக் கேட்கவில்லை.
பரமக்குடிவரை
நான் அதை மட்டுமே கேட்டேன்.